வன்னிக் காட்டுக்குள் மலை தேடி நடக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு வருபவர்கள் பலர் குளம், கோயில் எல்லாம் பார்த்த பிறகு, "காட்டுக்குள்ள மலை ஒண்டு இருக்காமே, போகலாமோ?" என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் இங்கே அம்புக்குறி போட்ட நடைபாதை கிடையாது. மலையும் மலைநாட்டு மலை போலத் தூரத்திலிருந்து தெரியாது. சமதரைக் காட்டுக்குள் திடீரென்று எழும் கற்பாறைத் திட்டுத்தான் அது. அடிவாரத்துக்குப் போகும் வரை பாலையும் வீரையும் அதை மறைத்துக்கொண்டே இருக்கும்.

புதிதாக வருபவர்களின் தடுமாற்றம் காட்டுக்குள் இறங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கைபேசிப் படத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு நேரே இறங்கிவிடுகிறார்கள். வன்னியில் வரிசை வேறு. முதலில் காலம், பிறகு ஊர், அனுமதி, வெடி பற்றிய விசாரணை. அதெல்லாம் முடிந்த பின்தான் படம், பை, நடை. இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஆட்டம் காணும்.

1. காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நல்ல காலம் மாசியும் பங்குனியும். வாடை மழை ஓய்ந்திருக்கும், ஓடைகள் இறங்கியிருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் எல்லா இடத்திலும் இருப்பதால் யானைகள் பரந்து நிற்கும். ஒரே இடத்தில் கூட்டமாக மறித்துக்கொள்ளாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். குளம் நிரம்பும்போது அதன் அலைகரை காட்டுக்குள் ஏறிவிடும். போன வருடம் நடந்த பாதை இடுப்பளவு தண்ணீருக்குள் கிடக்கும். மழை வெள்ளம் மண்ணுக்குள் இருக்கும் வெடிபொருளை இடம் மாற்றவும் செய்யும்.

வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் அதிகமாக வருவது ஆவணியில். அதுதான் வறட்சி முற்றிய நேரம். சிறு மோட்டைகள் வற்றி, மிஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளில் யானைகள் குவியும். வேறு மாதம் கிடைக்காவிட்டால் கிட்டடி மலை ஒன்றைத் தேர்ந்து, காலை பத்து மணிக்குள் பாறையை விட்டு இறங்குவதாகத் திட்டமிடுங்கள். வைகாசி தொடக்கம் ஆடி வரை பாலைப்பழக் காலம். பழம் விழும் மரத்தடியில் கரடி நிற்கும். சித்திரையில் பின்னேரத்து இடிமுழக்கம் வரும். மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாத நேரம் அது.

2. காட்டுக்கு முந்திய கடைசி ஊரில் கேளுங்கள்

நடைக்கு ஒரு நாளாவது முன்பு, காட்டை ஒட்டிய கடைசி ஊருக்குப் போங்கள். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கமோ, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கமோ எங்கே போனாலும் வேலை ஒன்றுதான். தேத்தண்ணிக் கடையில் ஆறுதலாக இருந்து, காட்டுக்குள் யார் போய்வருகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

தேட வேண்டியவர்கள் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள், தேன் எடுப்பவர்கள், விறகுக்குப் போகிறவர்கள். மோட்டார் சைக்கிளில் வீதியோரம் நிற்கும் பெடியள் அன்பாகக் கையைக் காட்டி வழி சொல்வார்கள். ஆனால் அவர்கள் அந்த மலைக்குப் போயே இருக்கமாட்டார்கள். மாட்டுக்காரரைப் பிடிக்க வசதியான நேரம் மாடுகள் பட்டிக்குத் திரும்பும் பொழுதுபடும் நேரம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "பாதை இருக்குதோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். முப்பது வருடத்துக்கு முன்பு அப்பாவோடு போன பாதையையும் அவர் மனதில் வைத்து ஓம் என்பார். அதனால் இப்படிக் கேளுங்கள்: "ஐயா, அந்தப் பாதையால கடைசியா ஆர் போனது? எப்ப போனது? மலையடி மட்டும் போனவையோ, இடையில திரும்பினவையோ?" ஆளின் பெயரும் காலமும் வந்தால் அது உயிருள்ள பாதை. "முந்தி எல்லாரும் போறவை" என்று வந்தால், அந்தப் பாதையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். ஒரே கடையில் எல்லோரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் வயதில் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். தூரத்தைக் கட்டையில் சொன்னால் அது மைல் கணக்கு. நாலு கட்டை என்றால் 6 கிலோமீற்றருக்கு மேல்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஊரவர் ஒருவர் இல்லாமல் வன்னிக் காட்டுக்குள் நடக்கப் போகாதீர்கள். அவருக்கு ஒரு நாள் கூலி நின்றுவிடும். ஆகவே தொகையை முதல் நாளே வெளிப்படையாகப் பேசி முடியுங்கள். "பார்த்துச் செய்யிறம்" என்று இழுப்பது அவருக்குச் சங்கடம். சாப்பாடும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு. ஊரின் கிராம அலுவலரான விதானையாருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். காணாமல் போனால் முதலில் தேடி இறங்கப் போவது அந்த ஊர்தான்.

3. எந்தத் திணைக்களத்தின் நிலம் என்று பாருங்கள்

வன்னியின் பெரும்பாலான காடு வனவளத் திணைக்களத்தின் கீழோ வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழோ வருகிறது. ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் தேசியப் பூங்காக்கள். அங்கே நினைத்தபடி இறங்கி நடக்க முடியாது. கட்டுக்கரைக் குளப் பகுதி சரணாலயம். எந்த நிலம் எவருடையது என்பதை விதானையாரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டால் தெரியவரும். அதன் பிறகு உரிய அலுவலகத்தில் கேளுங்கள். நடப்பதற்கு மட்டும்தான் அனுமதி கேட்கிறீர்கள், தங்குவதற்கோ நெருப்பு மூட்டுவதற்கோ இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு இலகுவாகும்.

பாறைத் திட்டுகளில் பழைய கட்டட இடிபாடு, கல்வெட்டு, குகை இருந்தால் தொல்பொருள் திணைக்களமும் வந்துவிடும். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை இரண்டிலும் வழிபாட்டுக்குப் போகும் ஊர்ச் சனமே கெடுபிடிக்கு நடுவில்தான் போய்வருகிறது. அந்த இடங்களை நடைப்பயணப் பட்டியலில் ஒன்றாக நினைக்காதீர்கள். போவதானால் ஊராரோடு, அவர்கள் போகும் நாளில், அவர்கள் சொல்லும் முறையில் போங்கள்.

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். அனுமதி எழுத்தில் கிடைத்தால் அதன் பிரதியைத் தாளில் வைத்திருங்கள். வழியில் மறிப்பவர் கைபேசித் திரையைப் பார்த்து நம்பவேண்டும் என்றில்லை. ட்ரோன் கொண்டு வராதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும். இங்கே அது கிளப்பும் சந்தேகமும் பெரிது.

4. வெடி: இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நடந்துவருகிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளின் ஆட்கள் தடுப்புக் கவசத்தோடு வெயிலுக்குள் முழங்காலில் நின்று மண்ணை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். வீடு, வயல், பாடசாலை இருக்கும் நிலங்களுக்கே முதலிடம் கிடைத்தது. அதுதான் நியாயமும். அதனால் ஊர் துப்புரவாகிவிட்டது என்பதை வைத்து அதற்குப் பின்னால் இருக்கும் காடும் துப்புரவு என்று முடிவு கட்டக் கூடாது.

விசாரிக்க மூன்று இடங்கள்: விதானையார், பிரதேச செயலகம், கிளிநொச்சியில் உள்ள பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகம். நீங்கள் போக நினைக்கும் குளத்தின் பெயரையும் மலையின் பெயரையும் சொல்லித் துல்லியமாகக் கேளுங்கள். "முல்லைத்தீவுப் பக்கம் பிரச்சினை இல்லைதானே?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுக்கும் உதவாது. தெளிவான பதில் வராவிட்டால் அந்த மலையை விட்டுவிடுங்கள். வேறு மலை இருக்கிறது.

நடக்கும்போது கண்ணில் படவேண்டியவை இவை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. சிவப்பு நாடா, தலையில் சிவப்புப் பூசிய தடிகள். பலகை விழுந்து புதருக்குள் கிடக்கலாம், நாடா வெயிலில் வெளிறி வெள்ளையாகத் தெரியலாம். நீளமான மண் அணையும் பக்கத்தில் பள்ளமும் கண்டால் அது குளக்கட்டா பழைய காவலரணா என்று கூட வருபவரிடம் கேளுங்கள். குளக்கட்டுக்கு ஒரு பக்கம் தண்ணீரோ தாழ்நிலமோ இருக்கும், தண்ணீர் திறந்துவிடும் துருசு இருக்கும். காட்டுக்கு நடுவே நேர்கோடாக ஓடும் அணை, பதுங்கு குழி, மட்கிய மணல் மூட்டை, முள்ளுக்கம்பிச் சுருள் என்பவை பழைய முன்னரங்கின் அடையாளங்கள். அங்கிருந்து திரும்புங்கள்.

நான் அடிக்கடி கேட்கும் இரண்டு நியாயங்களும் பிழை. "மாடு போகுது, நாங்கள் போகக் கூடாதோ?" மாடு போனது மாடு கால் வைத்த இடத்துக்கு மட்டும்தான் சாட்சி. "இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் வெடிக்குமோ?" வெடிக்கும். சில மிதிவெடிகள் பிளாஸ்டிக் மூடி அளவுதான் இருக்கும், சில மரப்பெட்டி போல இருக்கும். தெரியாத பொருள் எதையும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், ஞாபகத்துக்கென்று பொறுக்காதீர்கள். வெற்றுக் கோதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

ஆட்கள் பாதையை விட்டு விலகுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒதுங்கப் போவது. வெட்கத்தால் இருபது முப்பது அடி உள்ளே போவார்கள். காலையில் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதையிலேயே நிற்பது, மற்றவர்கள் முன்னே நடந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது. பெண்கள் கூட வந்தால் இதை முன்கூட்டியே பேசி வைப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

வெடி இருக்கும் நிலத்துக்குள் தவறி வந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். மற்றவர்களையும் சத்தமாக நிறுத்துங்கள். யாரையும் காப்பாற்ற ஓடாதீர்கள். 119க்கு அழைத்து இடத்தைச் சொல்லிக் காத்திருங்கள்.

5. இப்போது படத்தை எடுங்கள்

மேலே சொன்னவற்றிலிருந்து கிடைத்த பெயர்களை இனிப் படத்தில் இடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படம் குளங்களையும் ஓடைகளையும் நன்றாகக் காட்டும். பழைய, அங்குலத்துக்கு ஒரு மைல் படங்களில் இன்று ஊரவர் வாயில் மட்டும் இருக்கும் பெயர்கள் கிடைக்கும். ஆனால் அவற்றில் கீறியிருக்கும் பாதைகளை நம்பி இறங்காதீர்கள். அவை சனம் இருந்த காலத்துப் பாதைகள். இடம்பெயர்ந்த பின் பல காடாகிவிட்டன, சில போர்க்களமாகவும் இருந்தன.

செய்மதிப் படத்திலும் பாதை தெரியாது. இந்தக் காடு கோடையிலும் முழுதாக இலை உதிர்ப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் பச்சை மூடியே இருக்கும். தெரிவது பாறைதான். பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டாக நிற்கும். பாறை, அதற்குக் கிட்டிய குளம், அந்தக் குளத்தின் கட்டு மூன்றையும் குறியுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். வன்னியில் ஓடை குளத்துக்குள் விழும் பக்கம் காடு, கட்டு இருக்கும் பக்கம் வயலும் ஊரும். மலை பெரும்பாலும் நீரேந்தும் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே கட்டை உங்கள் அடிக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நிற்கும்போது கட்டு எந்தத் திசையில் என்பதை நடக்கும் எல்லோரும் வாய்ப்பாடமாகச் சொல்ல வேண்டும். கட்டு நீளமானது. திசை கொஞ்சம் பிசகினாலும் அதன் ஏதோ ஒரு முனையிலாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு புள்ளியைக் குறிவைத்து நடப்பதை விட ஒரு கோட்டைக் குறிவைத்து நடப்பது பத்திரமானது.

ஓஸ்ம்ஆண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் அந்தப் பகுதியை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். காட்டுக்குள் தொலைபேசித் தொடர்பு அற்றாலும் ஜீ.பி.எஸ். வேலை செய்யும், ஆனால் படம் கைபேசிக்குள் இருக்க வேண்டும். ஊரவர் சொன்ன அடையாளங்களை, "இரட்டைப் பாலை", "பட்டி இருந்த வெளி", "கல்லுப் பாலம்" என்று அவர்கள் சொன்ன பெயரிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

6. ஆளும் பையும்

நாலு முதல் ஆறு பேர் போதும். மூன்றுக்குக் குறைந்தால், ஒருவருக்கு ஏதாவது நடந்தால் உதவிக்குப் போக ஆளிருக்காது. ஆறுக்கு மேல் போனால் வரிசை நீண்டு, பின்னால் வருபவர் முன்னால் சொன்னதைக் கேட்கமாட்டார்.

ஒருவருக்கு 4 லீற்றர் தண்ணீர். பாறைச் சுனையில் தண்ணீர் இருக்கும் என்று யார் சொன்னாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளத்தில் முகம் கழுவவும் இறங்காதீர்கள். முதலை உண்டு, எலிக்காய்ச்சலும் வரலாம். கச்சான், பனங்கட்டி, கட்டுச்சோறு நல்லது. வாழைப்பழமும் பலாப்பழமும் மணத்தால் யானையை இழுக்கும். அவற்றை வாகனத்திலும் வைக்காதீர்கள்.

கணுக்கால் மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை. இராணுவ உடை போன்ற புள்ளிபோட்ட பச்சைத் துணி எதுவும் வேண்டாம். தொப்பியோ துவாயோ பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். விசில், ரோச் லைட், பவர் பாங்க், அகலமான பன்டேஜ் துணி. வாசனைத் தைலம் பூசாதீர்கள். காரணம் பத்தாவது பகுதியில் வருகிறது.

7. நுழைவாசல்

விடிய முன் புறப்படும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அந்த நேரம்தான் இரவு முழுக்க வயலிலும் குளத்திலும் நின்ற யானை காட்டுக்குத் திரும்பும் நேரம். வெயில் நன்றாக விழுந்து, ஏழு மணியளவில் கட்டை விட்டு இறங்குவது சரி.

கட்டு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பெரும்பாலும் ஐயனாரோ பிள்ளையாரோ ஒரு மரத்தடியில் இருப்பார். காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு குழை முறித்து அங்கே வைத்துக் கும்பிட்டுப் போவது வழக்கம். நீங்களும் செய்யுங்கள். அப்போது அங்கே கிடக்கும் குழைகளையும் பாருங்கள். இலை வாடாமல் இருந்தால் இன்று காலை யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். சருகு மட்டும் கிடந்தால் சில நாட்களாகப் போக்குவரத்து இல்லை. எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கட்டில் நிற்கும் யாரிடமாவது சொல்லிவிட்டு, கைபேசியில் தடப்பதிவை ஓடவிடுங்கள்.

8. பாதையை வாசிப்பது

உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் ஒரு பாதை நாலாகப் பிரியும். நாலும் பாதை போலவே இருக்கும். புதிதாக வருபவர்கள் அகலமானதைத் தேர்வார்கள். அது பெரும்பாலும் மாட்டுத்தடமாகவோ யானைப்பாதையாகவோ இருக்கும்.

காலடியை மட்டும் பார்க்காமல் தலைக்கு மேலும் பாருங்கள். மாட்டுத்தடம் நிலத்தில் சுத்தமாக இருக்கும். ஆனால் நெஞ்சு உயரத்துக்கு மேல் கொப்புகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், குனிந்துதான் போகலாம். இப்படியான தடம் பல கிளையாகப் பிரிந்து ஒரு புல்வெளியில் போய்க் கரைந்துவிடும். யானைப்பாதையில் மேலே நல்ல உயரத்துக்கு வெளியாக இருக்கும். பக்கத்து மரங்களில் சேறு தேய்த்த அடையாளம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். அது எப்போதும் தண்ணீருக்குத்தான் போகும்.

மனிதர் போகும் கொடிவழி ஒடுக்கமாக இருக்கும், மேலே தலை இடிக்காது. கத்தியால் சரிவாக வெட்டிய கொப்பு நுனிகள் இடுப்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் இடையில் தெரியும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டு முகம் மஞ்சளாக, பால் காய்ந்த பிசினோடு இருந்தால் வெட்டி அதிக நாளில்லை. சாம்பல் நிறமாகி ஓரத்தில் புதுத் தளிர் விட்டிருந்தால் போன மழைக்கு முந்திய வெட்டு. வெட்டு எதுவுமே இல்லாத, முறிந்த கொப்பு மட்டும் இருக்கிற பாதை மனிதப் பாதை இல்லை. இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு சந்தியில் நின்று முடிவெடுக்க அரை நிமிடம் போதும். அதனால்தான் கூட வருபவரிடம் ஒவ்வொரு சந்தியிலும் "ஏன் அண்ணை இந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அவர் காரணத்தைச் சொல்லும்போது கற்பது எந்தப் படத்திலும் இல்லை.

ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி நின்று, வந்த வழியைப் படம் பிடியுங்கள். போகும்போது பார்த்த காடும் திரும்பும்போது பார்க்கும் காடும் வேறுவேறாகத் தெரியும். திரும்பும்போது உங்களுக்கு வேண்டியது பின்பக்கத் தோற்றம். மரத்தைக் கொத்தி அடையாளம் வைக்காதீர்கள். நிறத்துணி கட்டினால் திரும்பும்போது அவிழ்த்து எடுங்கள். விட்டுப்போன துணி அடுத்து வருபவரை வழி தவறச் செய்யும்.

உழவு இயந்திரத்தின் புதிய சில்லுத்தடம் காட்டுக்குள் திடீரென்று வந்து, பக்கத்தில் முதிரையோ பாலையோ அறுத்துக் கிடந்தால் அது கள்ளமரப் பாதை. படம் எடுக்காமல், நின்று பேசாமல் வந்த வழியே திரும்புங்கள். வயலோரங்களில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கும் (கம்பி இழுபட்டால் தானே வெடிக்கும் துவக்கு) சுருக்குக் கம்பியும் இருக்கக்கூடும். முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே நூலோ கம்பியோ தெரிந்தால் தாண்டாதீர்கள், தொடாதீர்கள். இரவில் மின்சாரம் பாய்ச்சும் வேலிக் கம்பியைப் பகலிலும் தொட வேண்டாம்.

9. யானை, கரடி, பாம்பு

யானைக்குப் பார்வையை விட மோப்பம் பலம். ஆகவே காற்று எந்தப் பக்கம் என்பதை நடக்க நடக்கத் தெரிந்துகொண்டே இருங்கள். ஒரு பிடி காய்ந்த மண்ணைத் தூவினால் போதும். ஈரம் மினுங்கும் இலத்தி, கொப்பு முறியும் சத்தம், திடீரென்று வரும் தொழுவ வாடை என இதில் ஒன்று கிடைத்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும். கண்டால், உங்கள் வாடை அதை நோக்கிப் போகாத பக்கமாக, பெரிய மரங்களை நடுவில் விட்டு, சத்தமின்றிப் பின்வாங்குங்கள். வெடி கொளுத்தி விரட்டும் வேலை விவசாயி தன் வயலைக் காக்கச் செய்வது. நடக்கப் போனவர் அதைச் செய்யக் கூடாது. தனித்த கொம்பன் பாதையில் நின்றால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது.

கால்நடையாகப் போகிறவருக்கு யானையை விடக் கரடிதான் எனக்குப் பயம். அது பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான் தாக்கும். குனிந்து தின்றுகொண்டிருக்கும்போது ஆள் வருவது அதற்குத் தெரியாது. ஆகவே அடர்ந்த புதருக்குள்ளும் பாலைமரத் தோப்பிலும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். கறையான் புற்று புதிதாகத் தோண்டிக் கிடந்தால் கரடி பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

பாம்புக்குச் சப்பாத்தும் கண்ணும் போதும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும்போது முதலில் மரத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் பார்த்துப் பிறகு காலை வையுங்கள். கடித்துவிட்டால் மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் தடியோடு கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. 1990 இலவச அம்புலன்ஸ் சேவை. வீதிக்கு வரும் முன்பே அழைத்துவிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில் கிடைக்கும். வழியில் பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோய் நேரத்தை இழக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் தேவையில்லை.

10. பாறையில்

அடிவாரத்தில் உடனே ஏறாதீர்கள். முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பாறையின் தொங்கலையும் குகை வாயையும் அண்ணாந்து பாருங்கள். கறுப்புத் தட்டுப் போலத் தொங்குவது பெருந்தேனீக் கூடு. புகை, வாசனைத் தைலம், கூச்சல் மூன்றும் அதைக் கிளப்பும். கூடு இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு வேறு பக்கத்தால் ஏறுங்கள். கூடு இல்லையென்று உறுதியான பின், குகைக்குத் தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். கரடி உள்ளே இருந்தால் வெளியேற அதற்கு வழியும் நேரமும் கிடைக்க வேண்டும். குகை வாயை மறித்து நிற்காதீர்கள். வரிசை இதுதான்: முதலில் கண், பிறகு குரல். மாற்றிச் செய்தால் தேனீ வந்துவிடும்.

பாறையில் கறுப்பாக ஓடும் கோடுகள் தண்ணீர் வடிந்த பாசித் தடம். காய்ந்திருக்கும்போது பிடிக்கும், பனி ஈரத்தில் வழுக்கும். ஏறுவதை விட இறங்குவது கடினம். திரும்பி இறங்க முடியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். பழைய செங்கல், எழுத்து, தூண் எது இருந்தாலும் கை படக் கூடாது. சுண்ணாம்பால் எழுத்தைத் தெளிவாக்கிப் படம் எடுப்பதும் சேதம்தான்.

உச்சியில் நின்று குளக்கட்டு எந்தப் பக்கம் என்று எல்லோரையும் கையால் காட்டச் சொல்லுங்கள். யாராவது வேறு பக்கம் காட்டினால் இறங்க முன் அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் கைபேசித் தொடர்பு கிடைக்கும் இடமும் இதுதான். வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

11. திரும்பும் நேரம், வழி தவறினால்

மலை வந்ததோ இல்லையோ, பகல் பன்னிரண்டுக்கு முகம் ஊர்ப்பக்கம் திரும்ப வேண்டும். சூரியன் மறைவது ஆறு, ஆறரைக்கு என்றாலும் காட்டுக்குள் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். நாலரைக்கு மேல் அலைகரையில் யானை இறங்கும். "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்று சொல்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். நேரத்தை முதல் நாளே முடிவு செய்வது அவருக்காகத்தான்.

வழி தவறியது தெரிந்தால் இருங்கள். நின்றுகொண்டு யோசித்தால் கால் நடக்கப் பார்க்கும். தண்ணீர் குடித்து, தடப்பதிவைப் பார்த்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியாலேயே போங்கள். குறுக்கே வெட்டிப் போவது வெடி காரணமாகவும் வேண்டாம். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் குளம் வரும் என்பது உண்மை. ஆனால் கோடையில் யானையும் அதே ஓடையில்தான் நிற்கும். கூட வந்த ஊரவர் சொன்னால் மட்டும் அதைச் செய்யுங்கள். இருட்டிவிட்டால் எல்லோரும் ஒன்றாக ஒரு வெளியான இடத்தில் இருந்து, விசிலை மும்மூன்று தரம் ஊதி, 119க்கு அழையுங்கள். அழைப்புப் போகாத இடத்தில் வீட்டுக்குக் குறுஞ்செய்தி சில வேளை போய்ச் சேரும். கோடைச் சருகில் நெருப்பு மூட்டாதீர்கள்.

12. வெளியே வந்த பிறகு

காலையில் சொல்லிவிட்டுப் போனவரிடம் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவரைக் குளக்கட்டில் ரோச் லைட்டோடு நிற்க வைக்காதீர்கள். கூட வந்தவரின் கூலியை அங்கேயே கொடுங்கள்.

குகை, கல்வெட்டு, தேன்கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமான புள்ளியோடு வெளியே போடாதீர்கள். புதையல் தோண்டுபவர்களும் அதையே தேடுகிறார்கள். சிவப்புப் பலகையோ சந்தேகமான பொருளோ கண்டிருந்தால் மட்டும் அந்தப் புள்ளியை விதானையாரிடமும் பொலிசிடமும் கொடுங்கள்.

அன்றிரவே குளித்து, அக்குள், இடுப்புப் பட்டி, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள். நெருப்பால் சுடாதீர்கள். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் தலையிடியும் வந்தால், உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் தேடுங்கள். அதற்குள் நீங்கள் கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பீர்கள். அங்குள்ள வைத்தியருக்கு உண்ணிக் காய்ச்சல் நினைவுக்கு வராமல் போகலாம். வன்னிக் காட்டுக்குள் நடந்ததை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். டொக்சிசைக்கிளின் மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய் அது. பிந்தினால்தான் ஆபத்து.